கண்ணும் ஓஹோவும்

பிறமொழி பயிலும் மாணவர் பலர், அகராதியிற் கண்ட முதற்பொருளையே ஒரு சொல்லின் முழுப்பொருளெனக் கொண்டு மேற்செல்வர். அருஞ்சொற்களில் இதனால் நேரும் இழுக்குச் சிறிது. நாடோறும் வழங்கும் எளிய சொற்களிலோ பெரிது. என்னை? வழக்கு மிகுந்த சொல்லே பொருளும் மிகுந்து நிற்குமாதலின் என்க. இதனை ஸ்பானிய மொழிச் சொல் ஒன்றைக்கொண்டு விளக்குவாம்.

அம்மொழியிற் கண்ணை 'ஓஹோ' என்பர். இஃது இலத்தீன் மொழியின் 'ஓக்குலுஸ்' என்பதன் வழிவந்தது. நம் செவிக்கு வியப்புக் குறிப்புப்போல ஒலிப்பினும், அஃது ஓர் எளிய பெயர்ச்சொல்லே. 'ஓஹோ என்பது கண்' என்று மட்டும் எழுதிக்கொண்ட மாணவன், 'ஓஹோ தெல் புவெந்தே', அதாவது பாலத்தின் கண், என்னும் தொடரைக் காணின் திகைப்பான். திகைக்க வேண்டுவதின்று. மேட்டூர் அணையில் மிகுநீர் போக்கும் மதகைப் 'பதினாறு கண் மதகு' என்றே நாமும் வழங்குகின்றோம். நீர் செல்லும் திறப்பு அவர்க்கும் கண், நமக்கும் கண்.

இவ்வாறே 'ஓஹோ தே அகுவா' என்பது நீரின் கண். நாம் ஊற்றுக்கண் என்போம். 'மால் தே ஓஹோ' என்பது கண்ணால் வரும் தீங்கு. நாம் கண்ணேறு என்போம். மயிற்பீலியின் வட்டமும் இருசாரார்க்கும் கண்ணே. இவை ஒத்தன, ஒவ்வாதனவும் உள. ஊசியின் துளை அவர்க்குக் கண், நமக்கோ காது. பூட்டின் சாவித் துளையும் அவர்க்குக் கண். தனித்து 'ஓஹோ!' என்று கூவின், 'எச்சரிக்கை!' என்பது பொருள். இனி, நம் மொழியில் அடிக்கப்படும் முரசின் முகமும் கண் எனப்படும். அன்றியும், 'ஊர்க்கண் இருந்தான்' என்புழிக் கண் ஏழாம் வேற்றுமை உருபாகும். இப்பணியை ஓஹோ செய்யாது.

இத்தகைய சொற்களைப் பயிலும் நெறி யாது? தொல்காப்பியனார் பலபொருள் ஒருசொல்லை இருவகைப்படுத்தினார். உடன் வரும் வினையாற் பொருள் தெளியப்படுவது ஒன்று. வினையாலும் தெளியப்படாதது மற்றொன்று. 'கண் இமைத்தது' எனின் விழி என்பது வெளிப்படை. 'கண் அடைபட்டது' எனின் மதகோ, ஊற்றோ என ஐயம் நிகழும். ஆண்டு அடைமொழி கொடுத்தே விளக்கல் வேண்டும். பிறமொழியாளராகிய வீரமாமுனிவரும், 1732-ஆம் ஆண்டில் ஆக்கிய சதுரகராதியின் முதற்பகுதியாகிய பெயரகராதியில், ஒரு சொற்குரிய பல பொருள்களையே தொகுத்து வைத்தார். ஆகவே, சொல்லைத் தனியே மனனம் செய்யாது, அது வாழும் தொடரோடும் வினையோடும் கற்றலே நன்று.

இதனால் வரும் பயன் தேர்வு மதிப்பெண் மட்டுமன்று. ஸ்பெயின் நாட்டு லா மாஞ்சா என்னும் வறண்ட சமவெளியில், குவாடியானா ஆற்றின் ஊற்றுக்கள் 'குவாடியானாவின் கண்கள்' எனப் பெயர்பெற்றவை. அருகிலுள்ள ஊரொன்றும் 'வில்லாருபியா தே லோஸ் ஓஹோஸ்' எனக் கண்களாற் பெயர்பெற்றது. பாசனத்திற்காக நிலத்தடி நீரை அளவிறந்து இறைத்தமையால், 1980-களில் அக்கண்கள் வறண்டன; பின்னர் நன்மழை பெய்த ஆண்டுகளிலேதான் ஆண்டு நீர் மீண்டும் தலைகாட்டிற்று. 'ஓஹோ' விழி என்று மட்டும் அறிந்தவன், இச்செய்தியை யாரோ சிலர் கண்ணீர் வற்றிய கதையென்று படித்து அகல்வான்.

எம். ரெட்டியபட்டியைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழிப் புன்செய் நாட்டாரோ அதன் பொருளை உடனே உணர்வர். ஏரியைக் கண்மாய் என வழங்கும் நாடு இது. மழைநீரைத் தேக்கும் கண்மாயும், கிணற்றடியிற் கசியும் ஊற்றுக்கண்ணும் இந்நாட்டு வேளாண்மைக்கு உயிர்நிலை. கண்மாய் நிரம்பினாலன்றி அடுத்துள்ள கிணறுகளில் நீர் ஊறுதல் அரிது. வரத்துக்கால் தூர்ந்தாற் கண்மாய் நிரம்பாது. இச்சங்கிலியை அறிந்த உழவனுக்குக் குவாடியானாவின் செய்தி தன் ஊர்ச் செய்தியேயாம்.

ஆதலின் மாணவர்காள், புதுமொழியில் ஓர் எளிய சொல்லைக் காணுந்தோறும், அச்சொல் நம் ஊரில் எவ்வெப் பொருளில் வழங்குகின்றது என்று முதலில் உசாவுமின். பின்னர் அம்மொழியார் எங்கு நம்மோடு ஒத்தும் எங்கு வேறுபட்டும் செல்கின்றனர் என்பதைக் குறித்து வைம்மின். ஒத்தவை நினைவில் எளிதில் நிற்கும். வேறுபட்டவையே விழிப்போடு கற்கற்பாலன.