முதல் வகுப்பும் படபடக்கும் நெஞ்சும்

நாளை குறோசே வகுப்பு. கற்பிக்கப் போகிறவர் நீங்கள். நெஞ்சு படபடக்கின்றதா? அஞ்ச வேண்டாம். பலகாலம் பின்னிய கைக்கு வேலை தெரியும். அதைச் சொல்லிப் பழகாதது நாவே.

ஆகவே இன்றிரவே ஊசியை எடுத்து, "நூலைச் சுற்று, கொழுவி இழு" என ஒவ்வோர் அசைவையும் வாய்விட்டுச் சொல்லியபடி மெதுவாகப் பின்னிப் பாருங்கள். சொல் தடுமாறும் இடத்திலேதான் மாணவியின் கையும் தடுமாறும். அவ்விடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுங்கள்.

முதல் நாளுக்குத் தொடக்க முடிச்சும் 20 சங்கிலிக் கண்ணிகளும் போதும். 5 மில்லிமீற்றர் ஊசியும், வெளிர்நிறமான சற்றுத் தடித்த நூலும் கொடுங்கள். கண்ணிகள் தெளிவாகத் தெரியும்.

நீங்களே பிழைவிட்டால் மறைக்காதீர்கள். எல்லோரும் காண அவிழ்த்து, அதே நூலால் மீண்டும் பின்னிக் காட்டுங்கள். தம் பிழைக்கு அஞ்சியிருக்கும் மாணவிகளுக்கும் அதுவே துணிவு தரும்.