மாடி வீடும் மூன்றாவது பிரிவும்

கேள்வி: எங்கள் மாடி வீடு காலியாக இருக்கிறது. தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் திருநங்கை ஒருவர் கேட்டு வந்தார். வாடகை, முன்பணம் எல்லாம் பேசியாகிவிட்டது. இப்போது, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்று வீட்டில் தயங்குகிறார்கள். மறுத்தால் சட்டப்படி தவறா? திருநங்கையருக்குத்தான் நல வாரியம் இருக்கிறதே, அரசே வீடு தரக் கூடாதா?
- வாசகி ஒருவர், மதுரை

பதில்: தவறுதான். திருநர் உரிமைப் பாதுகாப்புக்காக 2019-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம், அதன் 3-ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. குடியிருக்கவும், சொத்து வாங்கவும், வாடகைக்கு எடுக்கவும் திருநருக்குள்ள உரிமையை யாரும் மறுக்கக் கூடாது. மாடி வீட்டுக்காரரும் அந்த 'யாரும்' என்பதில் அடக்கம்.

ஆனால் அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். தண்டனைக்குரிய குற்றங்களின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. குடியிருக்கும் இடத்திலிருந்து திருநரைத் துரத்தினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. வீடே தர மறுத்தால்? சட்டம் இயற்றப்பட்டபோது அந்தப் பட்டியலில் அது இடம்பெறவில்லை. "வேற ஆளு முன்பணம் குடுத்துட்டாங்கம்மா" என்ற ஒற்றை வாக்கியத்தில் வீட்டுக்காரர்கள் நழுவிவிடுவது இதனால்தான்.

அந்த வாக்கியம் எவ்வளவு தூரம் பாயும் என்பதற்குக் கொச்சி உதாரணம். 2017-இல் கொச்சி மெட்ரோ 23 திருநர்களை வேலைக்கு எடுத்தது. நாடே பாராட்டியது. சில வாரங்களிலேயே பலர் வேலையை விட்டார்கள். வேலையில் குறையில்லை, நகரத்தில் வீடு கிடைக்கவில்லை. விடுதி அறைக்கு நாள் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை.

வீடு இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, கடன் எல்லாமே இழுபறிதான். பள்ளிப் பருவத்திலேயே வீட்டைவிட்டு வந்தவர்களுக்குச் சான்றிதழ்கள்கூடக் கையில் இருப்பதில்லை. கடை கடையாகக் காசு கேட்கப் போகிறார்களே என்று முகம் சுளிப்பவர்கள் இந்தச் சங்கிலியைக் கவனிப்பதில்லை.

வாரியத்துக்கு வருவோம். 2008-இல் தமிழ்நாடுதான் நாட்டிலேயே முதலில் அதை அமைத்தது. சுயதொழில் மானியம், நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், 40 வயதைக் கடந்த ஆதரவற்ற திருநங்கையருக்கு மாத ஓய்வூதியம் எல்லாம் உண்டு. வீடும் சில இடங்களில் கிடைத்திருக்கிறது. அவற்றில் மந்தித்தோப்பைச் சொல்லியே ஆக வேண்டும்.

கோவில்பட்டியை ஒட்டிய ஊர் அது. அங்கே திருநங்கையருக்கென்று ஒரு குடியிருப்பு எழுந்தது. கிரேஸ் பானு போன்ற செயற்பாட்டாளர்கள் விடாமல் கேட்டார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரி காது கொடுத்தார். வீட்டோடு நிற்காமல் மாடுகள் வாங்கக் கடனும் ஏற்பாடானது. 2020-இல் 30 பேரைக் கொண்டு திருநங்கையர் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. அவர்கள் கறக்கும் பால் ஆவினுக்குப் போகிறது. குடியிருப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'சந்தீப் நகர்'. ஆட்சியர்கள் மாற்றலாகிப் போன பிறகும் இப்படி ஊர்ப்பெயராக நிலைப்பது அபூர்வம்.

ஆனால் எல்லோராலும் மந்தித்தோப்புக்குப் போய்விட முடியாது. மதுரையில் கணக்கு எழுதுகிறவருக்கு மதுரையில்தான் வீடு வேண்டும். அதை அரசு கட்டித் தரும்வரை அவர் எங்கே தங்குவார்? அக்கம்பக்கத்தார் கேட்டால், "மாசம் பிறந்தா வாடகை வருது, உங்களுக்கென்ன?" என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு பேச்சு அடங்கிவிடும்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வேறு யார் பெயரிலும் போடாமல், அவருடைய அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே போடுங்கள். நாளை குடும்ப அட்டைக்கும் வங்கிக்கும் அவர் எடுத்துக்கொண்டு ஓட வேண்டிய காகிதம் அது.