பறையோடு ஒசாகாவுக்கு: குழுப் பொறுப்பாளர் செய்ய வேண்டியவை

திண்டுக்கல் நாகல் நகரில் இயங்கும் ஒரு பறைக் குழுவுக்கு ஜப்பானிலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கலைஞர்கள், பத்து நாள், ஒசாகாவில் இரண்டு மேடை, வடக்கே உள்ள ஹிரொசாகியில் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியக் கலைஞர்களோடு ஒரு நாள். ஆசானுக்குச் சந்தோஷம், அடிப்பவர்களுக்கும் சந்தோஷம். குழுவில் ஈமெயில் பார்க்கத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். "நீயே பாத்துக்கப்பா" என்று மொத்த வேலையும் உங்கள் தலையில் விழும். இந்தக் கட்டுரை உங்களுக்கு.

திண்டுக்கல்லுக்கு இது புதுக் கதை இல்லை. 1990-இல் சகோதரி சந்திரா இங்கே தொடங்கிய சக்தி கலைக்குழு, பெண்களே பறை அடிக்கும் குழுவாக வளர்ந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழக இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். பக்கத்து மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரின் பறை ஆசான் வேலு 2025-இல் பத்மஸ்ரீ பெற்றார். அழைப்புகள் வரத்தான் செய்யும். வந்த அழைப்பை விசாவாகவும் சம்பளமாகவும் மாற்றத் தெரிந்த பொறுப்பாளர்தான் ஊருக்கு ஊர் குறைவு. அது ஒரு தொழில். அதற்குரிய சம்பளத்தை முதல் பட்ஜெட்டிலேயே தனி வரியாக எழுதுங்கள். கூச்சப்பட்டு விட்டால், கலைஞர்கள் பேட்டாவில் நீங்கள் கை வைப்பதாகப் பேச்சு கிளம்பும்.

யாருக்கு எழுதுவது

அழைப்பு தானாக வரவில்லையென்றால் தேடிப் போகலாம். "இந்தியப் பாரம்பரிய இசை" என்று பொதுவாக எழுதினால் சிதாருக்கும் தபலாவுக்கும்தான் இடம் கிடைக்கும். பறைக்கு ஜப்பானில் தனி உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஒசாகாவின் நனிவா பகுதி, தோல் பதனிடுவதும் முரசு செய்வதும் பரம்பரைத் தொழிலாக இருந்த இடம். அந்தத் தொழிலுக்காகவே ஒதுக்கிவைக்கப்பட்ட புராக்கு மக்கள் வாழும் பகுதி. முரசு செய்தவர்களின் பிள்ளைகள் தாங்களே முரசடிக்க 1987-இல் இகாரி என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுத்த யோஷிதாகா தெராதா, ஒசாகாவின் தேசிய இனவியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர், நாகஸ்வரக் கலைஞர் டி.என். ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தவரும் அவரே. நாகஸ்வரமும் தோல் முரசும் ஒரே ஆய்வாளரின் மேசையில் இருந்திருக்கின்றன. கடிதம் எழுதும்போது இப்படிப்பட்ட இடங்களில் தொடங்குங்கள்.

ஷாமிசென் பக்கமும் கதை வேறில்லை. மூன்று தந்திகளும் தோல் போர்த்திய உடலும் கொண்ட அந்தக் கருவியை, வடக்கே சுகாரு வட்டாரத்தில் பார்வையற்ற நாடோடிகள் வீடு வீடாக வாசித்துப் பிச்சை எடுத்தார்கள். தகாஹாஷி சிகுசான் (1910–1998) அப்படி அலைந்து திரிந்து, பிறகு மேடைக் கச்சேரிகளால் நாடு முழுக்கப் பேர் வாங்கியவர். இன்று ஹிரொசாகியில் மே மாதத் தொடக்கத்தில் சுகாரு ஷாமிசென் போட்டி நடக்கிறது. இழிவாகப் பார்க்கப்பட்ட கருவி எப்படி மேடை ஏறியது என்பதை இரண்டு ஊர்க் கலைஞர்களும் உட்கார்ந்து பேசலாம். உங்கள் திட்ட அறிக்கையில் "கலாச்சாரப் பரிமாற்றம்" என்று வெறுமனே எழுதாமல் இதை எழுதுங்கள். படிப்பவர் அடுத்த பக்கத்தைத் திருப்புவார்.

விமானச் செலவுக்கு இந்தியக் கலாச்சார உறவுகள் மன்றத்தை அணுகலாம். 1950-இல் தொடங்கிய மத்திய அரசு அமைப்பு, சென்னையில் வட்டார அலுவலகம் இருக்கிறது. அதன் கலைஞர் பட்டியலில் குழு ஏற்கெனவே இடம்பெற்றிருக்க வேண்டும். ஆகவே அழைப்பு இருக்கிறதோ இல்லையோ, பட்டியலில் சேரும் விண்ணப்பத்தை இந்த வருடமே போட்டுவிடுங்கள்.

தேதி

தை முதல் வைகாசி வரை கோயில் கொடை, திருவிழா என்று குழுவுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஆடியும் அப்படியே. அந்த மாதங்களில் வெளிநாட்டுத் தேதி வாங்கினால், அச்சாரம் கொடுத்த ஊர்க்காரர்களிடம் கெட்ட பெயர்தான் மிஞ்சும். புரட்டாசிக்குப் பிறகு தோது. அக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் ஜப்பானில் மழையும் புயலும் ஓய்ந்து குளிர் முற்றாத காலம். ஹிரொசாகிப் போட்டியைப் பார்த்தே தீருவோம் என்றால் மே முதல் வாரம்தான். அது அங்கே நாடு முழுக்க விடுமுறை வாரம் என்பதால் அறை வாடகை எகிறும்.

பெயரில்தான் முதல் சிக்கல்

ஆதாரில் கருப்பையா, வாக்காளர் அட்டையில் கருப்பய்யா, பள்ளி டி.சி.யில் கருப்பன். நம் குழுக்களில் இது அன்றாடம் பார்க்கிற சங்கதி. எட்டுப் பேரின் தாள்களையும் ஒரே நாளில் ஒரே பாயில் பரப்பி, ஆங்கில எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பாஸ்போர்ட் விண்ணப்பம் அதற்கப்புறம். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000.

இனிஷியலை அப்படியே விடாதீர்கள்; பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டவர்களுக்கு டிக்கெட் போடும்போது தகராறு வரும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் சொந்தப் பெயரை இடுபெயராகவும் எட்டுப் பேருக்கும் ஒரே முறையில் போடுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடியே விசாவிலும் டிக்கெட்டிலும் ஒப்பந்தத்திலும் வரவேண்டும்.

பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற முத்திரை வரலாம். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் அந்த விதி. ஜப்பான் அந்தப் பட்டியலில் இல்லை.

விசா: காசு வாங்குகிறீர்களா, இல்லையா?

ஜப்பான் பயணத்தின் முதுகெலும்பே இந்தக் கேள்விதான். மேடைக்குச் சம்பளம் உண்டென்றால் கலைநிகழ்ச்சியாளர் விசா வேண்டும். அதற்கு அழைக்கும் ஜப்பான் அமைப்பு முதலில் தன் ஊர்க் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். வந்த சான்றிதழ் மூன்று மாதம்தான் செல்லும். அதை வைத்துத்தான் சென்னையில் உள்ள ஜப்பான் துணைத் தூதரகத்துக்கான விசா மையத்தில் விண்ணப்பிக்க முடியும். சம்பளமே இல்லாத பரிமாற்றப் பயணத்துக்குக் குறுகியகால விசா போதும்.

"டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், கவரில் கொடுத்துவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் அந்த அழைப்பை விட்டுவிடுங்கள். மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது அவர் இல்லை, நம் ஆட்கள்தான். அடுத்த முறை எந்த நாட்டு விசாப் படிவத்திலும் "முன்பு திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறீர்களா" என்ற கேள்விக்கு "ஆம்" என்று எழுத வேண்டியிருக்கும்.

தகுதிச் சான்றிதழுக்குக் கலைஞர்களின் அனுபவத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். நம்மவர்கள் முப்பது வருடம் அடித்திருப்பார்கள், கையில் ஒரு தாள் இருக்காது. திருவிழா நோட்டீஸ், பேர் போட்ட பிளெக்ஸின் படம், செய்தித்தாள் துணுக்கு, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை, சென்னை சங்கமம் போன்ற அரசு விழாக்களில் கொடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் ஆளுக்கொரு கோப்பில் சேருங்கள். செத்த வீட்டில் அடித்ததற்கு நோட்டீஸ் கிடையாது. குழுவின் அனுபவம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை ஆசான் ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்திடட்டும்.

விசா வகையில் இன்னொரு கண்ணி உண்டு. ஒசாகாவிலிருந்து ஹிரொசாகி போய்வர ரயில் செலவு அதிகம் என்பதால், ஏழு நாள் ஜே.ஆர். பாஸ் வாங்கினால் மிச்சம் என்று கணக்குப் போடுவீர்கள். 2023 அக்டோபரில் அதன் விலை 50,000 யென் ஆனது. ஆனால் தற்காலிக வருகையாளராக நுழைகிறவர்களுக்கு மட்டுமே அந்தப் பாஸ். கலைநிகழ்ச்சியாளர் விசாவில் போனால் கிடையாது. ஆகவே சம்பளத்தோடு போகிற குழு, முழு ரயில் கட்டணத்தையும் அழைப்பாளர் தலையில் ஒப்பந்தத்திலேயே கட்டிவிட வேண்டும்.

வரியும் அப்படித்தான். வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் தொகையில் ஜப்பானில் 20.42 சதவீதம் பிடிப்பார்கள். இரண்டு லட்சம் யென் என்று பேசினால் 40,840 யென் போய்விடும். இந்தியாவில் வருமான வரி கட்டுகிறவர் அதை இங்கே கழித்துக் கேட்கலாம். வரி கட்டும் அளவுக்கே வருமானமில்லாத கலைஞருக்கு அது போனது போனதுதான். அதனால் "பிடித்தம் போக, கைக்கு இவ்வளவு" என்றே பேசுங்கள். மிச்சக் கணக்கை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தோலும் தீயும்

நம் பறை காய்ச்சினால்தான் பேசும். வைக்கோலோ காய்ந்த ஓலையோ கொளுத்தி வாட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி வாட்டுவது இங்கே நிகழ்ச்சியின் ஒரு பகுதி. ஜப்பான் அரங்கில் தீக்குச்சி கிழித்தாலே பிரச்சினை. மேடையில் நெருப்புக்குத் தீயணைப்பு அலுவலகத்தின் முன் அனுமதி தேவை. மின்சாரத்தில் சூடேற்றலாம் என்று இங்கிருந்து ஹேர் டிரையர் எடுத்துப் போனால், அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் கருவி பேருக்குத்தான் ஊதும். சூடான காற்று ஊதும் கருவி இரண்டை மேடைக்குப் பின்னால் வைத்துத் தரும்படி தொழில்நுட்பப் பட்டியலில் எழுதுங்கள். வாட்டுவதற்கு இருபது நிமிடமும் கேளுங்கள். மாற்றாக ஃபைபர் பறை இரண்டு கையில் இருக்கட்டும். ஆசான் முகம் சுளிப்பார். ஈரக்காற்றில் தோல் தொய்ந்த அன்று அதுதான் கைகொடுக்கும்.

பதனிடாத தோல் என்பதால் ஜப்பானின் கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தின் கண்ணில் படும். பறைகளின் படம், தோல் வகை, எண்ணிக்கை எல்லாவற்றையும் அழைப்பாளர் மூலம் முன்கூட்டியே அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் புதிதாக, வண்டு அரிக்காததாக இருக்கட்டும். இங்கே விமானம் ஏறும்போதே கருவிகளைச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வருகையில் கேள்வி இருக்காது.

கூட வருகிறவர்களின் பெட்டியையும் பாருங்கள். உடும்புத் தோல் கஞ்சிரா வேண்டவே வேண்டாம். உள்நாட்டு வனவிலங்குச் சட்டத்திலும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்திலும் உச்சபட்சப் பாதுகாப்பில் இருக்கும் உயிர் அது. மயிலாட்டத்துக்கு மயில்தோகை எடுத்துப் போக முடியாது, ஏற்றுமதிக்கே தடை. திரும்பும்போது ஆசையாகப் பழைய ஷாமிசென் வாங்கி வரவும் வேண்டாம். உயர்தர ஷாமிசெனின் கழுத்துக் கட்டை நம் பக்கத்துச் செம்மரம். எல்லை தாண்ட அதற்கும் அனுமதித் தாள் கேட்பார்கள். திருப்பதி மலைக்காட்டு மரம் ஹிரொசாகி போய் இசையாவதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவதே நல்லது.

சோறும் நேரமும்

பருப்புப் பொடி, ஊறுகாய் சரி. உப்புக்கண்டம், கறித் தொக்கு எதுவும் கூடாது. இறைச்சிப் பொருளை மறைத்துக் கொண்டுபோனால் சிறையோ 30 லட்சம் யென் வரை அபராதமோ உண்டு. பச்சைக் கறிவேப்பிலையும் வெற்றிலையும் தாவரத் தனிமைப்படுத்தலில் மாட்டும். வெற்றிலை போடாமல் கை ஓடாது என்கிற பெரியவர் இருந்தால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பேசிவையுங்கள். மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு உட்பட்ட அளவில், மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். கோடீன் கலந்த இருமல் சிரப்பைத் தொடவே வேண்டாம்.

ஊர்வலத்தில் மூன்று மணி நேரம் அடித்துப் பழகிய குழுவுக்கு நாற்பது நிமிட மேடை என்பது வேறு வித்தை. அங்கே நாற்பது என்றால் நாற்பதுதான்; நாற்பத்திரண்டில் அடுத்த குழு உள்ளே வரும். எந்த அடி எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்து ஒத்திகை பாருங்கள். ஓட்டலில் அடித்துப் பார்க்க முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். ஊர் விட்டு ஊர் போகும்போது பறைகளைக் கூரியர் நிறுவனமே ஓட்டலிலிருந்து ஓட்டலுக்குக் கொண்டுசேர்க்கும்; அந்தச் செலவையும் பட்ஜெட்டில் போடுங்கள்.

டிக்கெட் கடைசி வேலை. விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள். மதுரையிலிருந்து கொழும்பு வழியாகவோ, திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாகவோ, முழுப் பயணத்துக்கும் ஒரே முன்பதிவாக எடுங்கள். நடுவில் விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்ற வேண்டியது அப்போது அவர்கள் பொறுப்பு.

அடுத்த நவம்பரில் பயணம் என்றால் தகுதிச் சான்றிதழ் விண்ணப்பம் ஜூலையில் போக வேண்டும். அதற்குள் எட்டு பாஸ்போர்ட்டும் எட்டுக் கோப்பும் தயாராக இருக்க வேண்டும். அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆதாரை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கே எடுத்து வரச் சொல்லுங்கள்.