சத்தம் போடாத பிழை

அன்புள்ள யாழினிக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குப் பசியாறுகிறாயா என்று உன் பெரியம்மா கேட்கச் சொன்னாள். படியிறங்கினால் வாழை இலைச் சாப்பாடு கிடைக்கிற பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துக்கொண்டு, மூன்று வேளையும் மெகி மீ கிண்டுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன். அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

பரணிலிருந்து நீ அள்ளிப்போன பெட்டியைப் பற்றி உன் அப்பன் என்னிடம் வந்து, "அண்ணே, அவ குப்பையெல்லாம் கொண்டுபோறா, நீங்களும் சும்மா இருக்கீங்க" என்றான். அவன் சொன்னால் சொல்லட்டும். ஆனால் அதில் இருந்த, நான் புரோகிராம் பதிந்த கேசட்டுகளை நீ வைத்திருக்கும் அழகைப் படத்தில் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. ஜன்னலோரம், மழைச் சாரல் அடிக்கிற இடத்தில்! நம் ஊர் ஈரத்துக்கு நாடாவில் பூஞ்சணம் பிடித்தால் போனது போனதுதான். முதல் வேலையாக ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் காதை உடைத்துவிடு. பிறகு யாரும் தெரியாமல்கூட அதன்மேல் பதிவு செய்ய முடியாது. அடுத்து, கேசட்டைப் போட்டால் கேட்கிற 'கீ' சத்தத்தை அப்படியே மடிக்கணினியில் பதிந்து இரண்டு இடத்தில் வை. மூலத்தில் கை வைக்கவே கூடாது. வேலை எல்லாம் பிரதியில்தான்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பழைய ஸ்பெக்ட்ரம் கணினிக்கு நான் பேசிக் மொழியில் எழுதிய விளையாட்டை, இன்றைய கணினியில் ஓடும் பேசிக்கான க்யூபி64க்கு மாற்றினாய், 8ஐ அழுத்தினால் வலப்பக்கம் போகவேண்டிய ஆள் இடப்பக்கம் ஓடுகிறான், "ஒரு கூட்டலைக் கழித்தலா மாத்தினேன் பெரியப்பா, சரியாப்போச்சு" என்றாய். சரியாகத்தான் போயிருக்கும். ஏன் சரியானது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை, பார்த்தாயா? ஆளை நகர்த்தும் அந்த வரியில் நான் 'இஃப்' எதுவும் போடவில்லை. அழுத்திய விசை 8 தானா என்ற கேள்வியையே ஓர் எண்ணாக எடுத்து, அவன் நிற்கும் இடத்தைக் குறிக்கும் எக்ஸோடு கூட்டியிருக்கிறேன். 5 தானா என்பதைக் கழித்திருக்கிறேன். ஸ்பெக்ட்ரமில் 'ஆம்' என்றால் 1. மைக்ரோசாஃப்ட் வழி வந்த பேசிக்கில், உன் க்யூபி64இலும்தான், 'ஆம்' என்றால் கழித்தல் 1. பூஜ்யத்தின் எல்லா பிட்டையும் புரட்டிப்போட்டால் எல்லாம் 1 ஆகும், அதை எண்ணாக வாசித்தால் கழித்தல் 1. அவர்கள் கணக்கு அப்படி. அதனால்தான் அந்த ஆள் திரும்பி ஓடினான்.

அவன் ஓடியது கண்ணுக்குத் தெரிந்தது, நீயும் திருத்தினாய். எனக்குக் கவலை உன் செய்தியில் இருந்த இரண்டாவது வரியில். "கடைக்கணக்கு புரோகிராம் ஒரே ராத்திரியில் மாத்திட்டேன், ஒரு எரர்கூட இல்ல." கண்ணு, எனக்குத் தூக்கம் போனது அங்கேதான்.

பழைய புரோகிராமைப் புது பேசிக்குக் கொண்டுபோகும்போது இரண்டு வகைப் பிழை வரும். ஒன்று கத்தும். என் இன்னொரு பழைய கணினியான கொமடோர் 64இல் நான் 'ஃபார்' கட்டளையையும் 'ஐ'யையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதியிருப்பேன். அந்த இயந்திரம் புரிந்துகொண்டது. க்யூபி64 அதை ஏதோ ஒரு மாறியின் பெயர் என்று நினைத்து அங்கேயே நின்று கத்தும். நீயும் பிரித்து எழுதிவிட்டுப் போவாய். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இன்னொரு வகை வாயே திறக்காது. புரோகிராம் ஓடும், முடிவு வரும், அது தப்பாக இருக்கும். இந்த இரண்டாவதற்குப் பயப்படக் கற்றுக்கொள்.

அந்தக் கடைக்கணக்கையே எடுத்துக்கொள். மாமாவின் மளிகைக் கடைக்காகக் கொமடோரில் எழுதியது, பற்று வரவு எல்லாம் அதில்தான். கொமடோர் 64 ஓர் எண்ணை ஒன்பது இலக்கம் வரை ஒழுங்காக வைத்துக்கொள்ளும். க்யூபி64இல் நீ வகை எதுவும் சொல்லாமல் விட்டால் ஏழு இலக்கத்தோடு சரி. வருஷக் கூட்டுத்தொகை 123456.78 வெள்ளி என்று வை. பழையது அதை அப்படியே காட்டும். புதியது 123456.8 என்று காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். 2 காசுதானே என்று சிரிக்காதே. அந்தத் தொகையோடு சின்னச் சின்ன பற்றுகளைக் கூட்டக்கூட வித்தியாசம் ஏறிக்கொண்டே போகும். மேலே 'டெஃப்டிபிஎல் ஏ-இசட்' என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் எல்லா எண்ணும் இரட்டைத் துல்லியத்துக்கு வந்துவிடும். தேவை ஒரு வரிதான். ஆனால் அது தேவை என்று எந்த எரரும் உன்னிடம் வந்து சொல்லாது.

இன்னொன்று கேள். கொமடோர் பேசிக் ஒரு மாறியின் பெயரில் முதல் இரண்டு எழுத்தைத்தான் பார்க்கும். ஆங்கிலத்தில் பெய்டு, பேமென்ட் இரண்டும் 'பிஏ'வில் தொடங்குவதால் அதற்கு இரண்டும் ஒரே பெட்டி. ஓர் இடத்தில் அப்படியும் மற்றோர் இடத்தில் இப்படியும் எழுதியிருந்தாலும் அங்கே கணக்கு ஓடும். க்யூபி64க்கு அவை இரண்டு வேறு பெட்டிகள். இரண்டாவது பெட்டியில் பூஜ்யம்தான் இருக்கும், வாடிக்கையாளர் கட்டிய பணம் கட்டாததாகிவிடும். இதற்கு நல்ல மருந்து உண்டு. முதல் வரியில் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' என்று போடு, அடிக்கோடு சேர்த்து. அறிவிக்காத ஒவ்வொரு பெயரையும் அது பிடித்து நிறுத்தும். கொஞ்சம் எரிச்சலாக இருக்கும், பொறுத்துக்கொள். பேசாத பிழையைப் பேச வைக்கிற எதுவும் உனக்கு நண்பன்.

மற்றவை உனக்கே பிடிபடும். ஸ்பெக்ட்ரமில் படம் கீழ்மூலையிலிருந்து எண்ணப்படும், உன்னுடையதில் மேல்மூலையிலிருந்து. அதனால்தான் நான் வரைந்த வீடு தலைகீழாகத் தொங்கியது. நேரம் கடத்த நான் வைத்த 'ஃபார் டி = 1 டூ 1000, நெக்ஸ்ட்' கொமடோரில் ஏறக்குறைய ஒரு விநாடி எடுக்கும், உன் கணினியில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதைத் தேவையில்லாத வரி என்று அழிக்காதே. அங்கே ஒரு விநாடி காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். 'போக் 53280, 0' என்பது கொமடோரில் திரையின் ஓரத்தைக் கறுப்பாக்கும் வரி. எந்த வரியானாலும் அது எதற்கு என்று தெரிந்த பிறகு எடு.

நான் ஒட்டி ஒட்டி எழுதியதைப் பார்த்து நீ சிரித்தாயாம், உன் அப்பன் சொன்னான். அம்மாடி, கொமடோரைத் திறந்ததும் 38911 பைட் இருக்கிறது என்று எழுதிக் காட்டும். அதற்குள்தான் குடித்தனம். ஓர் இடைவெளிக்கு ஒரு பைட் போகும். 'ஸ்கோர்' என்று மாறிக்கு முழுசாகப் பெயர் வைத்தால் உள்ளே இருக்கும் 'ஆர்' ஒரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு சண்டைக்கு வரும். எங்கள் காலத்தில் கணினி வாங்க லோயாட் பிளாசா கிடையாது, அது 1999இல் வந்தது. கணினி என்றால் இம்பி பிளாசாதான். அங்கே வாங்கிய பத்திரிகைகளைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டிக் கற்றவர்கள் நாங்கள். பிறர் எழுதியதை வாசிக்கும்போது, அவர் கையில் என்ன இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள். அப்புறம் சிரி.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கொமடோர் போலவே நடிக்கும் 'வைஸ்' என்ற எமுலேட்டரில் பழைய கடைக்கணக்கை அப்படியே ஓட்டு, ஒரு புள்ளிகூட மாற்றாமல். அதற்குக் கொஞ்சம் பற்று, கொஞ்சம் வரவு கொடு. ஒன்று பூஜ்யமாக இருக்கட்டும், ஒன்று மிகப் பெரிய தொகையாக இருக்கட்டும், ஒன்று 1 காசில் முடியட்டும். வந்த விடையை நோட்டில் எழுதிக்கொள். பிறகு அதே எண்களைப் புதியதிலும் கொடு. இரண்டும் கடைசிக் காசு வரை ஒத்துப்போனால்தான் மாற்றிவிட்டேன் என்று சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய். செய்ததை ஏன் செய்தாய் என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுது. அடுத்த வருஷம் வாசிக்கப்போகிற நீ வேறு ஆள், அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

மாற்றும்போதே மேம்படுத்தாதே. உன் கை அரிக்கும் என்று எனக்குத் தெரியும். 2008 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ரொக்க பில் தொகையை 5 காசுக்கு முழுமையாக்குகிறார்கள், அதையும் சேர்த்துவிடலாமே என்று கேட்டிருந்தாய். சேர்க்கலாம். முதலில் பழைய கணக்கு பழைய விடையைத் தரட்டும். அந்த நாளில் 1 காசு கடையில் செல்லுபடியாயிற்று, நாங்களும் 1 காசுக்குக் கணக்கு எழுதினோம். இரண்டு வேலையையும் ஒன்றாய்ச் செய்தால், தொகை மாறும்போது எதனால் மாறியது என்று உனக்கே தெரியாது.

கத்தும் பிழை, கத்தாத பிழை என்ற இந்தப் பாடம் நம் ஊருக்குப் புதிதில்லை. நம் முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவந்தவர், முரசு அஞ்சல், செல்லினம் எல்லாம் அவர் கைவண்ணம். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. அந்தக் காலத்தில் டிஸ்கி, டேப், டேம் என்று ஆளுக்கொரு குறியாக்கம். அப்போது எழுதிய கோப்பை இன்று திறந்தால் தமிழுக்குப் பதில் கிறுக்கல் வரும். கிறுக்கல் என்பதால் பார்த்தவுடன் தெரிந்தது, மாற்றிகளும் எழுதினார்கள். கிறுக்கலாக வராமல் ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறி வந்திருந்தால் எத்தனை பெயர்கள் தப்பாகவே நிலைத்திருக்கும், யோசி.

கடைசியாக ஒன்று. ஜான் கெமெனியும் தாமஸ் கர்ட்ஸும் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறிவியல் படிக்காத பிள்ளைகளும் கணினியைத் தொடவேண்டும் என்று உண்டாக்கிய மொழிதான் பேசிக். அது முதன்முதலில் ஓடியது 1964 மே 1, விடியற்காலை 4 மணிக்கு. இதை உன் அம்மாவிடம் சாட்சியாகக் காட்டி விடிய விடிய விழித்திருக்கலாம் என்று நினைக்காதே. அரைத்தூக்கத்தில் பார்க்கிற கண்ணுக்குப் பேசாத பிழை தெரியவே தெரியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் பிடித்து வந்து சேர். பெரியம்மா மீன் குழம்பு வைக்கிறாள். மாமா கடையின் 1987ஆம் வருஷப் பேரேடு என்னிடம்தான் இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் கூட்டுத்தொகையும் இருக்கிறது. அதை முதலில் காட்டமாட்டேன். அந்த வருஷத்து வரவையெல்லாம் நான் வாசிக்கிறேன், நீ உன் புரோகிராமில் ஏற்று. உன் தொகையை நீ சொன்ன பிறகு பேரேட்டைத் திறப்போம்.

அன்புடன்,
பெரியப்பா
கிள்ளான்