சொல்லும் பொருளும்: ‘கம்பேஷன்’

ஆங்கிலத்தில் ‘கம்பேஷன்’ என்றொரு சொல் உண்டு. கருணை, இரக்கம், தயை என்று அதனை மொழிபெயர்க்கிறோம். ஆனால் அதன் வேரை அறிந்தால், அச்சொல் நம்மிடம் வேண்டுவது இன்னும் அதிகம் என்பது விளங்கும்.

இலத்தீன் மொழியில் ‘கொம்’ என்பது ‘உடன்’ எனப் பொருள்படும் முன்னொட்டு. ‘பதீ’ என்றால் துன்புறுதல், தாங்குதல். இவ்விரண்டும் சேர்ந்து ‘உடன் துன்புறுதல்’ என்ற பொருளைத் தந்தன. நோயாளியைக் குறிக்கும் ‘பேஷண்ட்’, பொறுமையைக் குறிக்கும் ‘பேஷன்ஸ்’ ஆகியவையும் இதே வேரில் முளைத்தவையே. நோயாளி தன் துன்பத்தைத் தாங்குகிறான். கம்பேஷன் உடையவனோ பிறர் துன்பத்தையும் சேர்ந்து தாங்குகிறான்.

வடமொழியில் ‘அனுகம்பா’ என்ற சொல்லும் இத்தகையதே. ‘கம்ப்’ என்றால் நடுங்குதல். பிறர் நடுங்கக் கண்டு உடன் நடுங்குவதே அனுகம்பா. ஒலி ஒத்திருப்பினும் இவ்விரு சொற்களுக்கும் வேர் வேறு. கருத்தால் மட்டுமே உறவு.

வழக்கிலோ ஒரு மயக்கம் உண்டு. தண்டிக்கும் அதிகாரம் உடையவர் தண்டியாது விடுவது ‘மெர்சி’. குடியரசுத் தலைவருக்கு அனுப்பப்படும் ‘மெர்சி பெட்டிஷன்’ தமிழில் கருணை மனு ஆகிறது. பணிக்காலத்தில் இறந்த அரசு ஊழியரின் குடும்பத்தாருக்குத் தரப்படும் ‘கம்பேஷனேட்’ நியமனமும் கருணை அடிப்படையிலான நியமனமே. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால், கருணை என்றாலே மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு அளிப்பது என்ற எண்ணம் நம்மை அறியாமலே படிந்துவிடுகிறது.

இவ்வெண்ணத்தின் வேரையே அறுத்தவர் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர். 1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில், உயிர்களிடம் தயை என்ற வைணவக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது அவர் பரவச நிலை எய்தினார். தயை காட்ட மனிதன் யார் என்று கேட்டு, ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வதே தகும் என்று அருளினார். அதனைக் கேட்டிருந்த நரேந்திரர், பின்னாளில் சுவாமி விவேகானந்தராக, 1897-இல் ராமகிருஷ்ண மிஷனை நிறுவிச் சேவையையே வழிபாடாக்கினார்.

‘உடன்’ என்ற இடத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை. பசித்தவருக்கு உணவளிக்கும் வேளையில் நம் மனம் நன்றிச் சொல்லை எதிர்பார்த்து நிற்கிறதா? அப்படியாயின் நாம் இன்னும் மேலேதான் நிற்கிறோம். அங்கிருந்து இறங்கி, அவர் அருகில் அமர்வதே கம்பேஷன். அவருள் இறைவனைக் காண்பதே சேவை.