ஷெட்டில் நிற்கும் ஜிப்ஸி வேலை வாங்கித் தருமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் என்று ஆட்டோமொபைல் கம்பெனிகளுக்கு ரெஸ்யூம் அனுப்புகிறவர்களிடம் இருப்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே சரக்கு. சிஜிபிஏ, கேட் சாஃப்ட்வேர் சர்டிஃபிகேட், பதினைந்து நாள் இன்பிளான்ட் டிரெய்னிங், கடைசி வரியில் ‘டீம் பிளேயர்’. கொஞ்சம் முந்திக்கொண்டவர்கள் பாஜா போட்டியைச் சேர்த்திருப்பார்கள். கல்லூரி டீம்கள் பக்கி வண்டி கட்டி மோதும், 1976-ல் அமெரிக்காவில் தொடங்கி, 2007-ல் இந்தூர் பக்கம் பீதம்பூருக்கு வந்த போட்டி அது. நல்ல பயிற்சிதான். சிக்கல் ஒன்றுதான்: ஒரே பக்கி வண்டியை டீம் மொத்தமும் ஆளாளுக்கு ரெஸ்யூமில் ஏற்றிக்கொள்கிறது. ‘அதுல நீங்க என்ன செஞ்சீங்க?’ என்று கேட்டதும் பாதிப் பேர் ‘நாங்க’ என்றுதான் பதிலை ஆரம்பிக்கிறார்கள்.

வீட்டு ஷெட்டில் ஒரு பழைய ஜீப்பைப் பிரித்து ஆஃப்-ரோடுக்குத் தயார்செய்தவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. நட்டு முதல் நஷ்டம் வரை எல்லாம் அவர் கணக்கு. ஆனால் வண்டியைக் கட்டியதற்காக யாரும் வேலை தரமாட்டார்கள். எதை ஏன் மாற்றினீர்கள், மாற்றியதால் என்ன கெட்டது, அதை எப்படி அளந்தீர்கள் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் மார்க்கெட். அந்தக் கண்ணோட்டத்தில் சில விஷயங்கள்.

1. முதலில் வேலை, பிறகு வண்டி

எந்த நாற்காலிக்குக் குறி வைக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு ஸ்பேனரைத் தொடுங்கள். சேஸிஸ், வெஹிகிள் டைனமிக்ஸ் பக்கம் போக ஆசை என்றால் உங்கள் நேரம் சஸ்பென்ஷனிலும் ஸ்டீயரிங்கிலும் போகட்டும். எலெக்ட்ரிக்கல் என்றால் வயரிங் ஹார்னஸை ஃப்யூஸ், ரிலேயோடு முழுசாக வரைந்து புதிதாகக் கட்டுங்கள். டெஸ்டிங் என்றால் அளவெடுப்பதுதான் உங்கள் பிராஜெக்ட். சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைக்கப்போகிறவர் எஸ்டிமேட் போடவும், சொன்ன தேதியில் முடிக்கவும் பழக வேண்டும். நான்கையும் ஒரே வண்டியில் காட்டப் பார்த்தால் வண்டி மூன்று வருடம் ஸ்டாண்டில் நிற்கும். முடியாத பிராஜெக்ட் ரெஸ்யூமில் இருப்பது இல்லாததைவிட மோசம்.

2. எந்த வண்டி?

முதல் வண்டிக்கு மாருதி ஜிப்ஸி, இல்லாவிட்டால் பழைய மஹிந்திரா ஜீப். 1985-ல் வந்த ஜிப்ஸிக்கு லேடர் ஃப்ரேம், முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில், நான்கு சக்கரத்திலும் லீஃப் ஸ்பிரிங். பிரித்தால் புரியும், புரிந்தால் மாட்டலாம். புது மஹிந்திரா தார் ஆசைக்கு நன்றாக இருக்கும். ஆனால் இஎம்ஐ கட்டிக்கொண்டு, வாரன்டியை உடைத்துக்கொண்டு கற்க வேண்டிய பாடம் அதில் எதுவும் இல்லை.

வாங்கும்போது இன்ஜின் சத்தத்தில் மயங்காதீர்கள். முதலில் ஆர்.சி. புக். சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகிறதா, லோன் பாக்கி இருக்கிறதா, பதினைந்து வருடம் தாண்டியிருந்தால் ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் ஆகியிருக்கிறதா? பழைய ஜீப்புகளில் பலவற்றில் வேறு டீசல் இன்ஜினைத் தூக்கி உட்கார வைத்திருப்பார்கள், ஆர்.சி.யில் அது ஏறியிருக்காது. அந்த வண்டியைத் தொடாதீர்கள். பிறகு அடியில் படுத்து ஃப்ரேமைப் பாருங்கள். ஸ்பிரிங் ஹேங்கர் சேரும் இடத்தை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். பெயின்ட் உள்ளே போனால் நீங்களும் வெளியே போய்விடலாம்.

3. சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் இன்டர்வியூவில் மாட்டுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷனுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்துவிட்டது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பல ஜீப்புகளின் முன்னால் பெருமையாக நிற்கும் இரும்பு புல் பாருக்கு எதிராக மத்திய அரசு உத்தரவு போட்டது 2017 டிசம்பரிலேயே. பெரிய மாற்றம் செய்த வண்டி விபத்தில் மாட்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுக்கவும் வழி கிடைத்துவிடும்.

ஆகவே இரண்டு பாதைதான். ஒன்று, ரோட்டில் ஓடும் வண்டியை ஸ்டாக் நிலையிலேயே முழு ஆரோக்கியத்துக்குக் கொண்டுவருவது. அதைக் கெடுக்காமல், கழற்றி மாட்டக்கூடிய ரெக்கவரி கியர், ஸ்கிட் பிளேட் போன்றவற்றோடு நிறுத்திக்கொள்வது. இரண்டு, ரோட்டுக்கே வராத டிரெயில் வண்டி. லாரியில் ஏற்றிப்போய்த் தனியார் நிலத்திலும் போட்டியிலும் மட்டும் ஓட்டுவது. லிஃப்ட், பெரிய டயர், ரோல் கேஜ் எல்லாம் இந்த இரண்டாவது பாதைக்குத்தான். கம்பெனியில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் ஹோமோலோகேஷன் ஆள், அதாவது வண்டிக்கு விதிப்படி அனுமதி வாங்கும் பிரிவுக்காரர், ஒருவர் இருக்கலாம். அவரிடம் போய் ‘அஞ்சு இன்ச் ஏத்திட்டு டெய்லி ஆபீஸுக்கு ஓட்டுறேன் சார்’ என்றால், உங்கள் தைரியம் அவருக்குப் பொறுப்பின்மையாகத்தான் தெரியும். ‘சாலையில் ஓட்டுவதில்லை, காரணம் இது’ என்று சொன்னால் அந்த இடத்திலேயே இரண்டு மார்க் ஏறும்.

4. நிற்க வைத்துவிட்டு ஏற வையுங்கள்

பிரேக், ஸ்டீயரிங், கூலிங், வீல் பேரிங், கியர் பாக்ஸ் ஆயில், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில். எல்லாவற்றையும் ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவராமல் ஒரு ரூபாய்க்குக்கூட ஆக்சஸரி வாங்காதீர்கள். கூரை மேல் எல்இடி பார் எரிகிற, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிற ஜீப்புகள் ஊரெல்லாம் ஓடுகின்றன. உங்களுடையது அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம்.

5. கணக்கு போட்டுவிட்டு லிஃப்ட் போடுங்கள்

இங்கேதான் ஆளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ரிஜிட் ஆக்சில் வண்டியில் இரண்டு இன்ச் சஸ்பென்ஷன் லிஃப்ட் போட்டால் டிஃபரென்ஷியலுக்கு அடியில் கிளியரன்ஸ் எவ்வளவு கூடும்? ‘ரெண்டு இன்ச் சார்’ என்பது தவறு. ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. பாடி மேலே போகும், ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான்.

டயருக்கு வாருங்கள். 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 மாட்டினால் சுமார் 733. ஆக்சிலுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, ஏறக்குறைய 33 மி.மீ. இதற்குக் கொடுக்கும் விலை என்ன? விட்டம் பத்து சதவீதம் கூடியதால் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 66-ல் போகிறீர்கள். கியரிங் அதே அளவுக்கு உயர்ந்து, சின்ன இன்ஜின் மேட்டில் திணறும். பிரேக்குக்கும் வேலை கூடும். ‘டயர் மாத்தினேன், சூப்பரா இருக்கு’ என்று சொல்கிறவருக்கும் இந்த ஐந்து வரியைச் சொல்கிறவருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்காது.

லிஃப்ட்டும் அப்படித்தான், தொட்டால் தொடர் வேலை. ஷேக்கிளை மட்டும் நீட்டினால் ஆக்சில் சாய்ந்து கேஸ்டர் கோணம் மாறும், ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவது கெடும். டிராக் லிங்க் சாய்வு கூடினால் குழியில் விழும்போதெல்லாம் வீல் தானாகத் திரும்பும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி அதிர்வு வரும். ஆக்சில் முழுசாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று பார்க்காவிட்டால், போதாதது மலை மேல்தான் தெரியும். ஜிப்ஸியில் ஸ்பிரிங்கை ஆக்சிலுக்கு மேலே மாற்றி ஒரேயடியாக உயர்த்தும் வேலை ரொம்பப் பிரபலம். முதல் வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

கவிழும் கணக்கையும் போட்டு வையுங்கள். டிராக் அகலத்தின் பாதியை சென்டர் ஆஃப் கிராவிட்டியின் உயரத்தால் வகுத்தால் போதும். டிராக் 1,300 மி.மீ., உயரம் 650 என்று வைத்துக்கொண்டால் விடை 1. லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து அந்த உயரத்தை 80 மி.மீ. ஏற்றினால் 0.89. பக்கவாட்டுச் சரிவில் வண்டி சாயத் துடிப்பது ஏன் என்று இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். பவர்பாயின்ட் தேவையே இல்லை.

6. எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று பீற்றாதீர்கள்

பிரித்து மாட்டுவது, அளப்பது, வயரிங், பிரேக் சர்வீஸ் இவற்றை நீங்களே செய்யலாம். லேத் வேலை, வீல் அலைன்மென்ட், ரோல் கேஜ் வெல்டிங் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கம்பெனியில் பாதி வேலை சப்ளையரிடம் வேலை வாங்குவதுதான். டிராயிங் கொடுத்து, அளவில் எவ்வளவு விலகல் தாங்கும் என்று எழுதி, வந்த பார்ட்டை வெர்னியரில் அளந்து, தப்பாக இருந்தால் சண்டை போடாமல் திருப்பி அனுப்பத் தெரிந்தவருக்குப் பர்ச்சேஸிலும் குவாலிட்டியிலும் இடம் உண்டு.

ரோல் கேஜுக்கு வீட்டுக் கேட் செய்யும் பைப்பைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பாஜா விதிகளை ஒருமுறை படியுங்கள். முக்கியக் குழாய்களுக்கு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. தடிமன், குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் என்று அடிப்படை அளவே எழுதியிருக்கிறது. அது பாஜா பக்கிக்கான அளவு, ஜிப்ஸியின் எடைக்கு அதையே காப்பி அடிக்க முடியாது. ஆனால் ‘ஸ்ட்ராங்கான பைப்பு’ என்பதை எண்ணாக எப்படி எழுதுவது என்று அதில் கற்றுக்கொள்ளலாம். ஸ்டீயரிங் பார்ட்டில் வெல்டிங் வைக்கிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு பெரிய மேஸ்திரியாக இருந்தாலும், வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சென்னைவாசிகளுக்கு ஒரு வார்த்தை. புதுப்பேட்டையின் பழைய பார்ட்ஸ் கடைகள் பாதிச் செலவை மிச்சப்படுத்தும். கியர், ஹவுசிங், பிராக்கெட் வாங்குங்கள். பழைய பிரேக், பழைய டை ராட் எண்ட், பழைய ஹோஸ் மட்டும் வேண்டாம்.

7. நோட்டு

ஷெட்டில் மிக விலை உயர்ந்த டூல் நாற்பது ரூபாய் லாங் சைஸ் நோட்டுதான். ஒரு பக்கம் இப்படி இருக்க வேண்டும்: ‘முன் இடது யு-போல்ட். மேனுவல் சொன்ன டார்க்கில் இறுக்கியது. 50 கி.மீ. ஓடியபின் மறுபடி சோதித்ததில் நான்கில் ஒன்று லூஸ். காரணம்: ஸ்பிரிங் சீட்டில் பெயின்ட் தடிமன். பெயின்ட் சுரண்டி மறுபடி இறுக்கியது.’ பக்கத்தில் கிரீஸ் விரல் ரேகை இருந்தால் இன்னும் நல்லது. ரெக்ரூட்டர் முன் இந்த நோட்டை வையுங்கள். சர்டிஃபிகேட் ஃபைலைப் புரட்டுவதைவிட அதிக நேரம் புரட்டுவார். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே டயர் பிரஷரில் அளந்தது மட்டும்தான் டேட்டா. மற்றதெல்லாம் அபிப்பிராயம்.

செலவுக் கணக்கும் அதே நோட்டில் இருக்கட்டும். பட்ஜெட் எகிறியதை மறைக்க வேண்டாம். எந்த ஐட்டத்தில் எகிறியது, ஏன் என்று சொல்லத் தெரிந்தால் அது காஸ்டிங் அனுபவம்.

8. உயிரோடு இருந்தால்தான் இன்டர்வியூ

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், இரண்டு ஸ்டாண்ட் கட்டாயம். பெட்ரோல் டேங்க்கைக் கழற்றி வெளியே வைக்காமல் அதன் பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டிங்கோ கூடாது. வெல்டிங்குக்கு முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். ஜி.ஐ. பைப்பை மூடிய ஷெட்டில் வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்க டோ பாலில் கயிறு மாட்டுவது இன்னொரு பைத்தியக்காரத்தனம். அது பிய்ந்தால் குண்டு மாதிரி பறக்கும். ஃப்ரேமில் போல்ட் செய்த ரெக்கவரி பாயின்ட் வையுங்கள்.

9. உங்களைப் பார்க்க வையுங்கள்

ஷெட்டிலேயே இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆஃப்-ரோடு போட்டிகளில் மார்ஷலாகவோ டீமில் மெக்கானிக்காகவோ சேருங்கள். மழைக்காலத்தில் கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இந்தியா போன்ற இடத்தில், உடைந்த ஆக்சிலை சேற்றில் படுத்து மாற்றுகிறவரைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்று கவனியுங்கள். பார்ட்ஸ் கம்பெனிக்காரர், ஒர்க்‌ஷாப் முதலாளி, ஸ்பான்சர். அங்கே கிடைக்கும் ஒரு போன் நம்பர் நூறு ஆன்லைன் அப்ளிகேஷனுக்குச் சமம்.

லிங்க்ட்இன்னில் முழு வண்டிப் படத்தைப் போட்டு லைக் வாங்குவதைவிட, ஒரே ஒரு பிரச்சினை, ஒரே ஒரு தீர்வு, இரண்டு படம் என்று மாதம் ஒன்று போடுங்கள். இன்டர்வியூவில் மற்ற மெக்கானிக்கையோ கம்பெனி டிசைனையோ மட்டம் தட்டாதீர்கள். ‘ஃபேக்டரியில ஏன் இப்படி வச்சாங்கன்னு மாத்தின பிறகுதான் புரிஞ்சது’ என்று ஒரு உதாரணத்தோடு சொல்லிப் பாருங்கள். எதிரே இருப்பவர் அந்த ஃபேக்டரி டிசைனராக இருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி.

10. ஆஃபர் லெட்டர் வந்த பிறகு

அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சைட் பிசினஸ் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். நண்பனின் ஜீப்புக்குக் காசு வாங்கிக்கொண்டு லிஃப்ட் போட்டுக் கொடுப்பதும் அதில் அடங்கலாம். கம்பெனி டூல், கம்பெனி டிராயிங், கம்பெனி ஸ்கிராப் எதுவும் ஷெட்டுக்கு வரக் கூடாது. சின்ன பிராக்கெட்டில் ஆரம்பித்து விஜிலென்ஸ் என்கொயரியில் முடிந்த கதைகள் எல்லாப் பிளான்ட்டிலும் உண்டு.

வேலை புனேயிலோ நாசிக்கிலோ கிடைத்தால் வண்டியை விற்க வேண்டி வரும். கழற்றிய ஸ்டாக் ஸ்பிரிங், டயர், பம்பர் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆர்.சி.யில் உள்ளபடி திருப்பி மாட்டிய, பேப்பர் சுத்தமான ஜிப்ஸிக்கு வாங்க ஆள் சீக்கிரம் கிடைக்கும். லிஃப்ட் கிட்டைத் தனியாக வாங்கிக்கொள்ளவும் ஒரு ஆள் வருவார், அவரிடம் பேரம் பேசாமல் கொடுத்துவிடாதீர்கள்.