கேட் சாத்தியாச்சா? செம்மங்குப்பம் சொல்லும் மூளைப் பாடம்

வீட்டைப் பூட்டிட்டுத் தெருமுனை வரைக்கும் வந்த பிறகு, "பூட்டினோமா, இல்லையா?" என்று திரும்பிப் போய்ப் பார்த்திருக்கீங்களா? கை பூட்டியிருக்கும், மனசில் பதிந்திருக்காது. தினமும் செய்யும் வேலையை மூளை பழக்கத்தின் பொறுப்பில் விட்டுவிடும். வீட்டில் இது சின்ன விஷயம். வேலை செய்யும் இடத்தில் உயிர் விஷயம்.

2025 ஜூலை 8, காலை 7.45 மணியளவில், கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன் மீது விழுப்புரம் – மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று பிள்ளைகளை இழந்தோம். அன்றே இரண்டு விதமான தகவல்கள் வந்தன. வேன் ஓட்டுநர் வற்புறுத்தியதால் வேன் அனுமதிக்கப்பட்டது என்றது ரயில்வேயின் முதல் அறிக்கை. கேட் திறந்தே இருந்தது என்றார்கள் உயிர் தப்பியவர்கள். கேட் கீப்பர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டு, கைதும் செய்யப்பட்டார். விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

யார் குற்றவாளி என்பதைச் சட்டம் சொல்லும். இன்னொரு கேட்டில் இது நடக்காமல் இருக்க என்ன வேண்டும் என்பதுதான் இங்கே நம் கேள்வி. அதற்கு மூளை வேலை செய்யும் விதம் தெரிய வேண்டும்.

பாடம் 1: ஒரு மனிதரின் நினைவை மட்டும் நம்பாதீங்க

விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட், 'இன்டர்லாக்கிங்' வசதி இல்லாத கேட்டாக இருந்தது. இப்படிப்பட்ட கேட்டில், ரயில் வருவதை ஸ்டேஷன் மாஸ்டர் போனில் சொல்வார். கேட் கீப்பர் கேட்டை மூடிவிட்டு, அதற்கு உறுதியாக ஓர் எண்ணைச் சொல்வார். அதன் பிறகே ரயிலுக்கு அனுமதி. அதாவது, எல்லாமே ஒருவர் வாய்ச்சொல்லில் நிற்கிறது. இன்டர்லாக்கிங் உள்ள கேட்டிலோ, கேட் மூடாமல் சிக்னல் பச்சைக்கு மாறாது. மனிதர் மறந்தாலும் இயந்திரம் தடுத்துவிடும். விபத்துக்குப் பிறகு, கேட்களில் கண்காணிப்பு கேமரா பொருத்தவும், போன் உரையாடல் பதிவுகளைச் சரிபார்க்கவும், இன்டர்லாக்கிங் பணியை விரைவுபடுத்தவும் ரயில்வே அமைச்சகம் உத்தரவிட்டது.

தூக்கமும் ஒரு காரணி. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைகிறது என்று 1997-ல் ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பே 0.03 சதவீதம்தான்.

பாடம் 2: கை நீட்டுங்க, வாய்விட்டுச் சொல்லுங்க

பழக்கத்தில் நடக்கும் வேலைக்குக் கவனத்தைத் திரும்பக் கொண்டுவர எளிய வழி உண்டு. ஜப்பான் ரயில்வே ஊழியர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையைச் சத்தமாகச் சொல்வார்கள். 1994-ல் அங்கே ரயில்வே ஆய்வு நிறுவனம் நடத்திய சோதனையில், 100 செயலுக்கு 2.38 ஆக இருந்த பிழை 0.38 ஆகக் குறைந்தது. நம் ஊர் லோகோ பைலட்டுகளும் சிக்னலைப் பார்த்துக் கை நீட்டி, அதன் நிறத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். சிதம்பரம் ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது என்ஜின் பக்கம் கவனிச்சுப் பாருங்க. சிப்காட்டில் வால்வை மூடுபவரும், வீட்டில் கேஸ் சிலிண்டரை அணைப்பவரும் இதையே செய்யலாம்: "மூடியாச்சு" என்று தொட்டுச் சொன்னால் போதும்.

பாடம் 3: நினைவு வீடியோ அல்ல

கார்கள் மோதும் படத்தை மாணவர்களுக்குக் காட்டினார் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ். 1974-ல் வெளியான ஆய்வு இது. ஒரு குழுவிடம், "கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்றும், இன்னொரு குழுவிடம், "இடித்தபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?" என்ற கேள்வி. முதல் குழுவில் 50 பேரில் 16 பேர், மற்றதில் 50 பேரில் 7 பேர், "பார்த்தோம்" என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! கேட்கிற சொல்லே நினைவை மாற்றிவிடுகிறது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை.

பாடம் 4: கேள்வியை மாற்றுங்க

முடிவு தெரிந்த பிறகு, "இதுகூடவா தெரியல?" என்று தோன்றும். ஆனால் அந்த நிமிடத்தில் இருந்தவருக்கு முடிவு தெரியாது. "ஏன் கவனிக்கல?" என்று கேட்டால் அவர் பயந்து தன்னைக் காத்துக்கொள்வார். "அப்போ உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சது? காதில் என்ன விழுந்தது? எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தீங்க?" என்று கேட்டால் தகவல் வரும். நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 மே 7-ல் பாய்லர் விபத்து. அடுத்த 55-ஆம் நாள், ஜூலை 1-ல், அதே நிலையத்தில் இன்னொரு பாய்லர் விபத்து. இரண்டிலும் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பாடம் கற்கக் கிடைக்கும் காலம் ரொம்பக் குறைவு.

உங்க கையில் உள்ள போன் என்ன செய்யும்?

• விபத்தை நேரில் பார்த்தால் முதலில் 112 அல்லது 108-க்கு அழையுங்க. மற்றதெல்லாம் பிறகு.
• உதவி வந்த பிறகு, மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பே, பார்த்ததையும் கேட்டதையும் நேரத்தோடு குரல் பதிவாகச் சேமியுங்க. ஊகம் வேண்டாம்.
• வாட்ஸ்அப்பில் வரும் வீடியோவைப் பரப்பாதீங்க. அது மற்ற சாட்சிகளின் நினைவில் கலந்துவிடும். பதிவை விசாரணை அதிகாரியிடம் மட்டும் கொடுங்க.
• ரயில்வே கேட்டில் குறை தெரிந்தால், கேட் எண்ணைக் குறித்துக்கொண்டு 139-ல் புகார் சொல்லுங்க.
• வேலை செய்யும் இடத்தில் "நல்லவேளை, தப்பிச்சோம்" என்ற சம்பவம் நடந்தால், அன்றே எழுத்தில் மேற்பார்வையாளருக்குத் தெரிவியுங்க.

நாளைக் காலை உங்க ஊர் கேட்டைக் கடக்கும்போது, திறந்திருந்தாலும் ஒரு நிமிடம் நின்று இரண்டு பக்கமும் பாருங்க. வேனில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், ஓட்டுநரிடமும் இதைச் சொல்லி வையுங்க. கேட் கீப்பர் ஒரு பூட்டு என்றால், நம் கண் இரண்டாவது பூட்டு.